கண்ணுக்கு உரிமம்: மலைக்கு மேலே யார் வருவார்?

(சேலம் மாவட்டம், ஏற்காடு வட்டம், வெள்ளக்கடையில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என்னைக் ‘கண் டாக்டர்’ என்று போட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. பார்வையை அளந்து, எந்தப் பவரில் கண்ணாடி வேண்டும் என்று எழுதித் தருகிற ஆப்டோமெட்ரிஸ்ட். கண்ணுக்குள் வேறு நோய் இருக்கிற அறிகுறி தெரிந்தால் டாக்டரிடம் அனுப்பி வைப்பதும் என் வேலை. தமிழில் இந்த வேலைக்கு ஒரு பெயர் இன்னும் நிலைக்கவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் ‘கண் மருத்துவ உதவியாளர்’ என்பார்கள். கடைத்தெருவில் ‘கண்ணாடிக்காரர்’. உங்கள் அழைப்பிதழில் டாக்டர். இந்தப் பெயர்க் குழப்பத்துக்குப் பின்னால் ஒரு சட்டக் குழப்பம் இருக்கிறது. அதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

டீக்கடை வைக்க வேண்டுமென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். ஆட்டோ ஓட்ட லைசென்ஸ் வேண்டும். ஒருவருடைய கண்ணைப் பார்த்து ‘உங்களுக்கு மைனஸ் ரெண்டு’ என்று சொல்வதற்கு, நாடு தழுவிய சட்டம் எதுவும் 2021 வரை இல்லை. நான்கு வருடம் பி.ஆப்டம் படித்தவரும், ஆறு மாதம் கடையில் நின்று பழகியவரும், ஒரு மிஷினை வாங்கிப் போட்டவரும் ஒரே போர்டு மாட்டலாம். ‘கம்ப்யூட்டர் கண் பரிசோதனை இலவசம்’ என்ற போர்டைப் பார்க்காத ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறதா?

அந்த மிஷினைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டோ ரெஃப்ராக்டோமீட்டர் என்று பெயர். நல்ல கருவிதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது தருகிற எண் ஒரு தொடக்கம் மட்டும்தான். குழந்தை அந்தக் கருவிக்குள் பார்க்கும்போது, பக்கத்தில் இருக்கிற ஒன்றைப் பார்ப்பதாக நினைத்துக் கண் தசையை இறுக்கும். உடனே மிஷின் இல்லாத மைனஸைக் காட்டும், அல்லது இருப்பதைக் கூட்டிக் காட்டும். சொட்டு மருந்து விட்டு அந்தத் தசையைத் தளர்த்திவிட்டுப் பார்த்தால்தான் சரியான எண் வரும். இது தெரியாதவர் அந்தச் சீட்டையே கண்ணாடியாக்கிக் கொடுத்துவிடுவார். குழந்தை தலைவலி என்று சொல்லும். பள்ளிக்கூடம் போகச் சோம்பேறித்தனம் என்று வீட்டில் அடி விழும்.

இன்னொன்று, சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவருக்குப் பவர் வாரத்துக்கு வாரம் மாறும். அவருக்குத் தேவை ரத்தப் பரிசோதனை. கடையில் கிடைப்பது புதுக் கண்ணாடி. புரை விழத் தொடங்கும்போது சில வயதானவர்களுக்குத் திடீரென்று கண்ணாடி இல்லாமலே பக்கத்தில் இருப்பது தெரிய ஆரம்பிக்கும். ‘கண்ணு திரும்ப வந்துடுச்சு’ என்று சந்தோஷப்படுவார்கள். வந்ததல்ல, போகிறது. கண் நீர் அழுத்த நோய் வலியே இல்லாமல் ஓரப் பார்வையைத் தின்றுகொண்டு வரும். ஒரு கண் மட்டும் மங்கலாக இருக்கிற குழந்தைக்கு ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்துச் சிகிச்சை தொடங்காவிட்டால், பிறகு எந்தக் கண்ணாடி போட்டாலும் அந்தக் கண்ணுக்கு முழுப் பார்வை வருவது கடினம். இவ்வளவையும் முதலில் பார்க்கிற வாய்ப்பு யாருக்கு இருக்கிறது? கண் டாக்டருக்கு அல்ல. அவரிடம் போவதற்கு முன்னால் எல்லோரும் போகிற இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு. அங்கே படித்தவர் உட்கார்ந்திருக்க வேண்டும், அவர் படித்தவர்தான் என்று அரசு சொல்ல வேண்டும். உரிமத்துக்கான நியாயம் இவ்வளவுதான்.

ஆகவே, ‘லைசென்ஸ் என்றாலே அதிகாரம், அதிகாரம் என்றாலே எதிர்ப்போம்’ என்று இங்கே சில தம்பிகள் சொன்னதை நான் ஏற்க மாட்டேன். உரிமம் இல்லாத சந்தை எல்லோரையும் ஒரே மாதிரி ஏமாற்றுவதில்லை. காசுள்ளவர் ஒரு கடையில் சரியில்லை என்றால் சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவார், அங்கும் திருப்தி இல்லையென்றால் கோயம்புத்தூர், மதுரை. காப்பித் தோட்டத்தில் தினக்கூலி வாங்குகிற அக்கா 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போனால், அன்றைய கூலி போச்சு, பஸ் காசு போச்சு, கூட ஒருவரை அழைத்துப் போனால் அவருடைய கூலியும் போச்சு. தப்பான கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க இரண்டாவது முறை இறங்க மாட்டார். அதை ஒரு துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, கண் தெரியவில்லை என்பதை வயசின் தலையெழுத்தாக ஏற்றுக்கொள்வார்.

நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் வெள்ளெழுத்து வரும். பெயரில் எழுத்து இருப்பதால் இது படித்தவர்களின் கோளாறு என்று ஒரு நினைப்பு இருக்கிறது. எழுத்தே தெரியாதவருக்கும் அது வரும். அவருக்கு மறைவது புத்தகம் அல்ல, வேலை. பழுத்த காப்பிப் பழத்தையும் காயையும் பிரித்துப் பறிக்க, களத்தில் கறுப்புக் கொட்டையைப் பொறுக்க, அரிசியில் கல் பார்க்க, ஊசியில் நூல் கோக்கக் கிட்டத்துப் பார்வை வேண்டும். அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. பாதிப் பேருக்கு முதலிலேயே கிட்டப் பார்வைக்கான கண்ணாடி கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு ஆய்வு முடிந்த பிறகு. கண்ணாடி கிடைத்தவர்கள் பறித்த இலையின் அளவு, கிடைக்காதவர்களைவிட ஏறக்குறைய 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. ஐம்பது தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசம் இன்னும் அதிகம். மருந்து இல்லை, அறுவை இல்லை, மலிவான ஒரு கண்ணாடி.

இந்த ஆய்வைத் தோட்ட முதலாளிகளிடம் சொன்னால் ‘ஓ, உற்பத்தி கூடுமா’ என்று ஆர்வமாகக் கேட்பார்கள். நான் அதைத் திருப்பிக் கேட்கிறேன். கண்ணாடி இல்லாத அத்தனை ஆண்டுகள், எடைக்குக் கூலி என்கிற ஏற்பாட்டில், அந்தக் குறைந்த எடைக்கான கூலியை யார் இழந்தார்கள்? 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதி செய்து தரச் சொன்னது. உங்கள் லைன் வீடுகளில் இருக்கிற மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அந்த வசதியில் எத்தனை பேருக்குக் கண்ணாடி கிடைத்தது என்று.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 2021 மார்ச்சில் நாடாளுமன்றம் ‘தேசிய துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழிலர் ஆணையச் சட்டம்’ என்ற ஒன்றை நிறைவேற்றியது. பிசியோதெரபி, லேப் டெக்னீசியன், டயாலிசிஸ், எக்ஸ்ரே என்று டாக்டரும் நர்ஸும் அல்லாத பல தொழில்களை ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது. ஆப்டோமெட்ரியும் அதில் இருக்கிறது. மத்தியில் ஓர் ஆணையம், ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு கவுன்சில், பதிவேடு, பதிவு எண். நாடாளுமன்றத்தில் வேகமாக ஓடிய சட்டம் மாநிலங்களுக்கு வந்ததும் படுத்துக்கொண்டது. மூன்று வருடம் கழித்து, 2024 ஆகஸ்டில், அக்டோபர் 12-க்குள் இதை நடைமுறைப்படுத்துங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 1890-களில் நியூயார்க்கில் சார்லஸ் பிரெண்டிஸ் என்கிற கண்ணாடிக்காரர், பரிசோதனைக்குத் தனியாக மூன்று டாலர் கட்டணம் வாங்கினார். கண் டாக்டர் ஒருவர், கட்டணம் வாங்க நீ யார் என்று சண்டைக்கு வந்தார். அந்தச் சண்டையிலிருந்துதான் உரிமச் சட்டத்துக்கான கோரிக்கை பிறந்தது. 1901-ல் மின்னசோட்டா மாநிலம் முதல் சட்டத்தைக் கொண்டுவந்தது. பிரிட்டனில் 1958-ல் வந்தது; அங்கே பதிவு பெற்ற ஆப்டோமெட்ரிஸ்டோ டாக்டரோ தவிர வேறு யாரும் பார்வைப் பரிசோதனை செய்யக் கூடாது. அதே 1958-ல்தான் இங்கே அலிகரிலும் ஐதராபாத்திலும் ஆப்டோமெட்ரி பள்ளிகள் தொடங்கின. ஆக, படிப்பு வந்து 63 வருடம் கழித்துச் சட்டம்.

சரி, சட்டம் வந்துவிட்டது, கைதட்டிவிட்டுப் போகலாமா என்றால், அம்பேத்கரைப் படித்தவர்கள் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். பதிவேடு என்பது ஒரு கதவு. கதவுக்கு உள்ளே யார், வெளியே யார்?

நம் மாகாணத்துக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. ஊர்ப் பக்கம் கட்டி அறுப்பது, எலும்பு கட்டுவது, பிரசவம் பார்ப்பது எல்லாம் பல இடங்களில் முடிதிருத்தும் சமூகத்தார் கையில் இருந்தன. ‘மருத்துவர்’ என்பதே அவர்களுடைய சாதிப் பெயர். பெண்கள் மருத்துவச்சிகள். ரத்தத்தையும் சீழையும் தொடுகிற வேலை என்பதால் அது தீட்டு வேலை. தீட்டு இருந்தவரை அந்த வேலைக்கு மேல்சாதியிலிருந்து போட்டி இல்லை. 1914-ல் சென்னை மாகாண மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. 1926-ல் செவிலியர், பிரசவ உதவியாளர் சட்டம். பதிவேட்டில் ஏறியவர்கள் கல்லூரியில் படித்தவர்கள். அன்றைக்குக் கல்லூரியில் யார் படித்தார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தலைமுறை தலைமுறையாகத் தொட்டு வேலை செய்தவர் ‘பயிற்சி இல்லாதவர்’ ஆனார். பழைய முறைகள் எல்லாம் உசத்தி என்று நான் சொல்லவில்லை. புரையை ஊசியால் கண்ணுக்குள் தள்ளிவிடுகிற வைத்தியம் பல கண்களைக் கெடுத்திருக்கிறது. ஆனால் அந்தக் கைகளுக்குப் பயிற்சி கொடுத்து, தேர்வு வைத்து, பதிவேட்டுக்குள் கொண்டுவருகிற ஏணியை யாரும் முறையாகக் கட்டவில்லை. தொழில் கௌரவமான உடனே கை மாறியது.

ஏணி கட்ட முயன்றபோது என்ன நடந்தது என்பதும் தெரியும். வகுப்புவாரி உரிமை ஆணையை எதிர்த்து நீதிமன்றம் போன செண்பகம் துரைராஜன் வழக்கு மருத்துவக் கல்லூரி இடத்துக்கான வழக்குதான். அந்த இடத்துக்கு அவர் விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது வேறு கதை. 1951-ல் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அந்தத் தீர்ப்பின் பிறகு வந்தது.

இப்போது 2021-ம் வருடச் சட்டத்தை இந்தக் கண்ணால் படியுங்கள். ஆணையத்தின் வேலைகள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் இரண்டு வரிகளை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, சேர்க்கைக்கு நாடு முழுவதும் ஒரே மாதிரியான நுழைவுத் தேர்வும் பொதுக் கலந்தாய்வும் நடத்த ஏற்பாடு செய்வது. பட்டப்படிப்புக்கு மட்டுமல்ல, டிப்ளமோவுக்கும். இரண்டு, படித்து முடித்த பிறகு உரிமம் பெற ஒரு வெளியேறும் தேர்வு. தமிழ்நாட்டில் பி.ஆப்டம் உள்ளிட்ட துணை மருத்துவப் படிப்புகளுக்கு இதுவரை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து, 69 சதவீத இட ஒதுக்கீட்டின்படி சேர்த்து வந்திருக்கிறோம். நீட் வந்த பிறகு எம்.பி.பி.எஸ். வகுப்பறையில் கிராமத்துப் பிள்ளைகளும் தமிழ்வழிப் பிள்ளைகளும் எப்படிக் குறைந்தார்கள் என்று நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-லேயே எழுதிக் கொடுத்தது. அரியலூர் அனிதா 1200-க்கு 1176 வாங்கியவர். 2017 செப்டம்பர் முதல் தேதியை நம்மில் யாரும் மறக்கவில்லை. டாக்டர் படிப்புக்கான கதவு அடைபட்ட பிறகு, அந்த வீட்டுப் பிள்ளைகள் நுழைகிற அடுத்த கதவு இந்தத் துணை மருத்துவப் படிப்புகள்தான். அந்தக் கதவிலும் அதே பூட்டைப் போட ஒரு வரி சட்டப் புத்தகத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. இந்த வரி எந்தப் படிப்பில் எப்போது உயிர் பெறும் என்பதை நீங்கள்தான் கண்காணிக்க வேண்டும். எம்.பி.பி.எஸ். என்றால் ஊரே கூடும். ஆப்டோமெட்ரிக்கும் லேப் டெக்னீசியனுக்கும் வந்தால் ஒரு போஸ்டர்கூட ஒட்ட மாட்டோம் என்பது என் பயம்.

இன்னொரு கோடும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. 2,000 மணி நேரம் படித்திருந்தால் ‘துணைநிலை’; 3,600 மணி நேரம் படித்திருந்தால் ‘நலவாழ்வுத் தொழிலர்’. முதலாமவர் அடுத்தவருடைய சிகிச்சைக்குத் துணை நிற்பவர், இரண்டாமவர் தானே சேவை தருபவர். படிப்புக்கு ஏற்ற பொறுப்பு என்பதில் தவறு இல்லை. ஆனால் கோட்டுக்குக் கீழே நிற்பவர்கள் யார் என்று பார்த்தால், நான்கு வருடம் படிக்க வசதி இல்லாமல் அரசுக் கல்லூரியில் இரண்டு வருட டிப்ளமோ முடித்த பெண்கள், பிளஸ் டூ முடித்ததும் மருத்துவமனைக்குள்ளேயே இரண்டு வருடம் பயிற்சி பெற்றுப் பல வருடமாகப் பார்வை அளந்துகொண்டிருக்கிற கிராமத்துப் பெண்கள். தென் தமிழ்நாட்டின் கண் சிகிச்சை இன்று உலகம் முழுக்கப் பேசப்படுகிறது என்றால் அது இந்தப் பெண்களின் கைகளால். வேலை செய்துகொண்டே மேற்படிப்பு முடித்துக் கோட்டைத் தாண்ட ஒரு வழி, அரசு செலவில், தமிழில் எழுதக்கூடிய தேர்வோடு, வேண்டும். இல்லாவிட்டால் 1926-ல் மருத்துவச்சிக்கு நடந்ததுதான் இவர்களுக்கும்.

பதிவேட்டின் கதவு வெள்ளக்கடைக்கு எவ்வளவு திறந்திருக்கிறது என்று கணக்குப் போடலாம். பழங்குடியினருக்கு 1 சதவீதம். நூறு இடம் இருந்தால் ஒன்று. அந்த ஒன்றுக்கு மாநிலத்தின் அத்தனை மலைகளிலிருந்தும் பிள்ளைகள் போட்டி போட வேண்டும். அதற்கும் முன்னால் கோட்டாட்சியர் தருகிற சாதிச் சான்றிதழ் வேண்டும். சேர்வராயன் மலையின் மலையாளிகளுக்குப் பட்டியலில் இடம் இருக்கிறது. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் இருக்கிற மலையாளிகளுக்கு அதுவும் இல்லை, பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அரசு முத்திரை போட்ட ஒரு தாள் என்ன செய்யும், அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இந்த மலைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

‘யார் படித்தால் என்ன, பவர் ஒன்றுதானே’ என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்றல்ல. மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்குமாக ‘பைஃபோக்கல்’ கண்ணாடி எழுதுவது எங்கள் தொழிலில் சாதாரணம். அதைப் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கினால் கால் வைக்கிற இடம் கீழ்ப்பாதி வழியாகத் தெரியும், மங்கலாக. தலையில் சுமையோடு மழை நேரத்தில் தோட்டத்துச் சரிவில் இறங்குகிற பெண்ணுக்கு அதை எழுதிக் கொடுத்தால் அவர் விழுவார். சமதரையில் வளர்ந்தவருக்கு இது தோன்றாது. இரண்டு தனித்தனிக் கண்ணாடி எழுத வேண்டும் என்று இந்த மலையில் நடந்து பழகியவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அதே போல, ‘எவ்வளவு தூரத்தில் வைத்துப் படிப்பீர்கள்’ என்பது பாடப்புத்தகக் கேள்வி. ‘கிளை உங்கள் கண்ணிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கும்’ என்று கேட்க, பழம் எடுப்பதைப் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது எங்களுக்குள் பேசுவதில்லை. பரிசோதனைக்கு வருகிறவரிடம் முதலில் சொல்வது, ‘படிங்க’. எழுத்துத் தெரியாத அம்மா அந்த இடத்திலேயே சுருங்கிவிடுவார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். கால் எந்தப் பக்கம் இருக்கிறது என்று விரலால் காட்டுகிற அட்டை எல்லா அறையிலும் இருக்க வேண்டிய ஒன்று. அதை எடுத்து மாட்டுவதற்கு அரை நிமிடம். ஆனால் அந்த அரை நிமிடம் யாருக்குச் செலவிடப்படுகிறது? ஒருவருடைய முகத்துக்கு மிக அருகில், இருட்டு அறையில், ட்ரையல் ஃப்ரேமை மூக்கில் வைத்து, காதில் மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார வேண்டிய தொழில் இது. தொட்டுத்தான் ஆக வேண்டும். வந்தவருடைய உடுப்பையும் ஊரையும் பார்த்து அந்தப் பதினைந்து நிமிடம் இரண்டு நிமிடம் ஆவதை நான் பார்த்திருக்கிறேன். மிஷின் சீட்டு, ஒரு ரெடிமேட் கண்ணாடி, அடுத்த ஆள். ஒருவரைத் தொடாமல் அனுப்புவதற்கு மிஷின் நல்ல சாக்கு. மாநில கவுன்சில் நடத்தை விதிகள் எழுதும்போது, கையெழுத்து, கட்டணம், விளம்பரம் பற்றியெல்லாம் எழுதுவார்கள். சாதி பார்த்துப் பரிசோதனையைச் சுருக்குவது பதிவை ரத்து செய்யத்தக்க குற்றம் என்று ஒரு வரியும் எழுதச் சொல்லுங்கள்.

உரிமம் மட்டும் வந்து வேலைவாய்ப்பு வராவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் யோசியுங்கள். பதிவு பெற்றவர்கள் எல்லோரும் நகரத்தில் கடை வைப்பார்கள். பதிவு பெறாதவர் மலைக்கு வருவார், அல்லது பதிவு பெறாதவரைச் சட்டம் விரட்டிவிடும், யாருமே வர மாட்டார். 50,000 பேருக்கு ஒரு பார்வை மையம் என்பது கண் நலத் திட்டங்களில் சொல்லப்படுகிற அளவுகோல். ஏற்காடு வட்டத்தின் மக்கள்தொகை அதைவிடக் குறைவு. அளவுகோலின்படி முழுசாக ஒன்றுகூடக் கிடைக்காது. தலையை எண்ணுகிற அளவுகோலுக்கு வளைவுகள் தெரியாது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் ‘கண்ணொளி காப்போம்’ திட்டத்தில் அரசு கண்ணாடி தருகிறது, நல்லது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021-லிருந்து வீடு தேடி வருகிறது, அதுவும் நல்லது. பள்ளிக்கும் போகாத, படுக்கையிலும் விழாத, நடுவயதுத் தொழிலாளியின் கண்ணுக்கு மலை மேலேயே நிரந்தரப் பணியிடம் வேண்டும். அந்தப் பணியிடத்துக்கு இந்த மலையின் பிள்ளைகளை அரசே படிக்க வைத்து, இங்கேயே வேலை என்ற உத்தரவாதத்தோடு அனுப்ப வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி கீழேதான் இருக்கிறது.

இதை மனுவாக எழுத நான் உதவுகிறேன். இரண்டு மனு வேண்டும், ஒன்று சுகாதாரத் துறைக்கு, ஒன்று பழங்குடியினர் நலத் துறைக்கு. ஒரே மனுவாகப் போட்டால், இது அவர்கள் வேலை என்று மாறி மாறி அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். கூடவே, பிளஸ் டூ அறிவியல் பிரிவில் படிக்கிற பிள்ளைகள் இந்த ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் கையில் சாதிச் சான்றிதழ் இருக்கிறது என்று இந்த வாரத்துக்குள் ஒரு பட்டியல் எடுங்கள். விண்ணப்பத் தேதி வந்த பிறகு சான்றிதழுக்கு அலைந்தால் அந்த ஒரு சதவீதமும் போய்விடும்.

பேச்சு போதும். ட்ரையல் செட் கொண்டுவந்திருக்கிறேன். நாற்பது தாண்டியவர்கள் இப்படி வாங்க, வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிடலாம். தம்பிகள் இரண்டு பேர் அந்த அட்டையைச் சுவரில் மாட்டுங்கள். எழுத்து அட்டை வேண்டாம், விரலால் காட்டுகிற அட்டை.